மழைக்காலக் கிறிஸ்துமஸ்: ஸ்டார் கட்டுவது முதல் பலகாரத் தட்டு வரை

திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்துமஸ் வேலைக்கு முதல் எதிரி ஈரம்தான். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் பாதி தாண்டியும் விடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி கரை புரண்டபோது, பண்டிகைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. எல்லா வருசமும் அப்படிப் பெய்யாது. ஆனால் லேசான சாரல் போதும்: மாவு காயாது, ஸ்டாரின் பேப்பர் ஊறித் தொங்கும், சுட்ட முறுக்கு மறுநாளே நமுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு வேலையையும் ஈரத்தைக் கணக்கில் வைத்தே செய்ய வேண்டும். கீழே உள்ள அளவுகள் ஒரு வீட்டுக்கும், அந்த வீடு தட்டு அனுப்புகிற பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கும் போதும்.

வேலையின் வரிசை முக்கியம். நவம்பர் கடைசி வாரம் ஸ்டார். டிசம்பர் 10 வாக்கில் பயறு வறுத்து, மாவு திரித்து, ஆறவைத்து டின்னில் அடைப்பது. 18-லிருந்து 20-க்குள் முந்திரிக்கொத்து. அடுத்து முறுக்கும் அதிரசமும். அச்சு முறுக்கை 22, 23-க்கு விட்டுவிடுங்கள். எல்லாவற்றிலும் சீக்கிரம் நமுப்பது அதுதான். கேக்குக்கும் கடைச் சாமானுக்கும் அவசரமில்லை.

ஸ்டார்

கடையில் மடக்கு ஸ்டார் மலிவாகவே கிடைக்கிறது. ஆனாலும் மூங்கில் ஸ்டாரை ஒரு தரம் கட்டினால் எலும்புக்கூடு பல வருசம் நிற்கும், தாளை மட்டும் மாற்றினால் போதும். பிள்ளைகள் கூட உட்கார்ந்து வேலை செய்ய இதைவிட நல்ல சாக்கும் கிடையாது.

90 செ.மீ. நீளத்தில் 10 மூங்கில் பத்தைகள் வேண்டும். அகலம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், கனம் 3 அல்லது 4 மி.மீ. கணு பத்தையின் நடுவில் வராதபடி பிளக்கச் சொல்லுங்கள். வளைக்கும்போது கணுவில்தான் ஒடியும். இவை தவிர 21 செ.மீ. நீளத்தில் 5 முட்டுக் குச்சிகள். பத்தைகளை முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போட்டால் மறுநாள் சொன்னபடி வளையும்.

ஒவ்வொரு பத்தையிலும் இரண்டு முனையிலிருந்தும் 34.5 செ.மீ. அளந்து பென்சிலால் குறியுங்கள். ஐந்து பத்தைகளைத் தரையில் நட்சத்திரமாகப் பரப்பி, ஒன்று மேல் ஒன்று கீழாகக் கோத்து, குறிகள் ஒன்றோடொன்று பொருந்துமாறு வைத்தால் ஐந்து கைகளும் ஒரே அளவாக வரும். குறியில்லாமல் கண் மட்டத்தில் கட்டினால் ஒரு கை நீண்டு ஒரு கை குட்டையாகிவிடும், பிறகு தாள் வெட்டுவது பெரும் பாடு. முனைகளையும் குறிகளையும் கட்டுக்கம்பியால் முறுக்குங்கள். சணல் நனைந்து காயும்போது தளர்ந்துவிடும். கம்பியின் நுனியை உள்பக்கம் மடக்காவிட்டால் அது தாளைக் கிழிக்கும்.

இதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டியபின், பத்தைகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் முட்டுக் குச்சியை நிறுத்தி விரிக்க வேண்டும். குச்சியின் இரு நுனியிலும் சின்ன வெட்டு வைத்தால் வழுக்காது. பக்கத்துப் பக்கத்தில் செருகாமல் ஒன்றுவிட்டு ஒன்றாகச் செருகுங்கள். பாரம் சமமாகப் பரவும், பத்தை உடையாது.

முட்டுக் குச்சிக்கு 21 செ.மீ. என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த நீளத்தில் முன்பக்கம், பின்பக்கம், விலாப்பக்கம் எல்லா முக்கோணங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவாகிவிடும்: அடி 21, பக்கங்கள் 34.5. ஒரு அட்டையில் அச்சு வெட்டிக்கொண்டு, சுற்றிலும் ஒன்றரை செ.மீ. ஒட்டுவிளிம்பு விட்டு, 20 முக்கோணம் வெட்டினால் வேலை முடிந்தது. நடுவுக்கு 21 செ.மீ. பக்கமுள்ள ஐங்கோணம் இரண்டு. கூரைக்குக் கீழே தார்சாவில் (முன் தாழ்வாரத்தில்) தொங்கவிடுவதானால் கலர் பேப்பரும் மைதாப் பசையும் போதும். வேப்பமரத்திலோ மொட்டைமாடியிலோ கட்டுவதானால் கலர் கண்ணாடித்தாளை அகல டேப்பால் ஒட்டுங்கள். மைதாப் பசை இரண்டு மழையில் கரைந்துவிடும்.

கீழ்ப்பக்கத்து விலா முக்கோணம் ஒன்றை ஒட்டாமல் விடவேண்டும். பல்பு மாற்றக் கை போக வழி, உள்ளே புகுந்த தண்ணீர் வடியவும் வழி. 9 வாட் எல்.இ.டி. பல்பு தாராளம். பழைய 60 வாட் குண்டு பல்பின் சூட்டில் தாள் கருகும், தீயும் பிடிக்கலாம். ஒயரில் இணைப்பு எதுவும் வெளியே நனையும் இடத்தில் இருக்கக்கூடாது. ஒயர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு முழம் தொங்கலாக வளைத்துவிட்டால், வழிந்து வரும் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக் வரைக்கும் வராது. மேல் முனையில் ஒரு கயிறு மட்டும் கட்டினால் காற்றில் சுற்றிச் சுற்றி ஒயர் முறுகும். கீழ்க் கைகள் இரண்டிலும் நைலான் கயிறு கட்டி இழுத்து நிறுத்துங்கள்.

இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் வைக்கும் வீடுகளில் பச்சை வேண்டுமென்றால் 15-ந் தேதி வாக்கில் தட்டில் மண் பரப்பிக் கம்போ நெல்லோ தெளித்துவிடலாம், 24-க்குள் நாலு விரல் உயரம் வந்துவிடும். வைக்கோலை வைப்பதற்கு முன் நன்றாக உலர்த்தாவிட்டால் பூசணம் பூக்கும். குழந்தை இயேசு சுரூபத்தை 24 நள்ளிரவில்தான் வைப்பது. அதுவரை பத்திரமாக எடுத்து வைக்கிற பொறுப்பை வீட்டின் கடைக்குட்டியிடம் கொடுங்கள்.

முந்திரிக்கொத்து

நாஞ்சில் நாட்டிலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் கிறிஸ்துமஸ் டின்னில் இது இல்லாமல் இருக்காது. மழைக்காலத்துக்கு ஏற்ற பலகாரமும் இதுதான். எல்லாச் சாமானும் வறுபட்டு, பாகில் உருண்டு, மேலே மாவுக் கூடு கட்டி எண்ணெயில் வேகிறது. ஒழுங்காகச் செய்தால் பத்து நாள் கெடாது.

முழுச் சிறுபயறு 500 கிராம், கருப்பட்டியோ மண்டை வெல்லமோ 400 கிராம், துருவிய முற்றின தேங்காய் 100 கிராம், எள் 50 கிராம், ஏலக்காய் 8, சுக்குப்பொடி ஒரு டீஸ்பூன். மேல்மாவுக்குப் பச்சரிசி 250 கிராம், மைதா 50 கிராம், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், உப்பு.

பயறைக் கல் பொறுக்கி, கனத்த இரும்புச் சட்டியில் சிறு தீயில் கால் மணி நேரம் விடாமல் கிளறி வறுக்க வேண்டும். பச்சை நிறம் மங்கிச் செம்மை ஓடி, வாசம் நடுவீடு வரை வரும்போது இறக்குங்கள். பெருந்தீயில் வறுத்தால் தோல் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். அந்தப் பச்சை வாடை பாகில் போட்டாலும் போகாது. முழுக்க ஆறியபின் ஒன்றிரண்டாக உடைத்து, சுளகில் புடைத்துத் தோலை நீக்கி, பிறகு சன்ன ரவைப் பதத்துக்குத் திரியுங்கள். மில்லில் கொடுத்தால் மிளகாய் திரித்த கையோடு போடவேண்டாம் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தேங்காயை எண்ணெய் விடாமல் பொன்னிறம் தாண்டிச் சிவக்கும்வரை வறுங்கள். இங்கே பொறுமை இழந்தால் ஐந்தாம் நாளே காறல் வாடை அடிக்கும். முந்திரிக்கொத்து கெட்டுப்போனால் பெரும்பாலும் ஈரம் போகாத தேங்காய்தான் காரணம்.

கருப்பட்டி உடன்குடிப் பக்கத்துச் சரக்காகக் கிடைத்தால் நல்லது. உடைத்த இடம் மினுமினுத்தால் சீனி கலந்திருக்கும். பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதால் கருப்பட்டியில் அதன் வண்டல் கொஞ்சம் தங்கியிருக்கும். 150 மி.லி. தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஐந்து நிமிசம் தெளியவிட்டு, அடியில் நிற்பதை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் பாகு காய்ச்சுங்கள். கருப்பட்டியில் மணம் தூக்கலாக இருக்கும், ஆனால் மண்டை வெல்லத்தைவிடச் சீக்கிரம் ஈரம் இழுக்கும். இரண்டையும் பாதிப் பாதி போடுவதே டிசம்பருக்குச் சரி.

பாகு பதம்தான் கண். கம்பிப் பதத்துக்கு அடுத்து, கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் விரலால் திரட்டி இளக்கமான உருண்டையாக எடுக்க வரவேண்டும். கரைந்து ஓடினால் இன்னும் காய்ச்ச வேண்டும். திரட்டியது தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வந்தால் முறுகிவிட்டது. இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு மறுபடி கொதிக்க வையுங்கள்.

பயற்று மாவில் ஒரு கைப்பிடி தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தோடு தேங்காய், வறுத்த எள், ஏலம், சுக்கு சேர்த்துக் கலந்து பாகை ஊற்றிக் கிளறுங்கள். இளகினால் எடுத்து வைத்த மாவைத் தூவலாம். கை பொறுக்கும் சூட்டிலேயே பெரிய நெல்லிக்காய் அளவு உருட்டிவிட வேண்டும், ஆறினால் உதிரும். மூன்று நான்கு பேர் சுற்றி உட்கார வேண்டிய வேலை இதுதான். தனியாகச் செய்வதானால் பாகையும் மாவையும் இரண்டு பாதியாகப் பிரித்துச் செய்யுங்கள். உதிர்ந்துவிட்டால் சட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துச் சூடாக்கினால் மறுபடி இளகும். ஏறத்தாழ 90 உருண்டை வரும், 30 கொத்து.

உருண்டைகளை மூடாமல் ஃபேன் காற்றில் ஒரு இரவு விடுங்கள். மூடினால் வியர்த்து, அந்த ஈரத்தில் மேல்மாவு ஒட்டாமல் வழுக்கும். மறுநாள் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து நைசாக அரைத்து, மைதா, மஞ்சள், உப்பு கலந்து இட்லி மாவைவிடச் சற்று நீர்க்கக் கரையுங்கள். மூன்று உருண்டையை ஒன்றோடொன்று தொடும்படி விரல்களில் சேர்த்துப் பிடித்து மாவில் முக்கி, மிதமான சூட்டு எண்ணெயில் சட்டியின் ஓரமாக வழுக்கி விடவேண்டும். முதல் அரை நிமிசம் கரண்டியால் தொடாதீர்கள். கூடு இறுகும் முன் தொட்டால் கொத்துப் பிரியும். மூன்று நான்கு நிமிசத்தில், நிறம் மஞ்சளாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். சிவக்க விட்டால் கூடு கல்லாகும். சோடா உப்பு போடவே வேண்டாம், எண்ணெய் குடிக்கும்.

எண்ணெயில் பிளந்து உள்ளே உள்ளது கலைந்தால் மேல்மாவு நீர்த்திருக்கிறது, இல்லை பாகு பதம் பத்தவில்லை. கலைந்த ஒன்றை அப்படியே விட்டால் வெல்லம் கருகி அடுத்ததெல்லாம் கசக்கும். உடனே சாரணியால் (கண் கரண்டியால்) அரித்து எடுத்து, தேவையானால் எண்ணெயை வடிகட்டிவிட்டுத் தொடருங்கள். சுட்டதைச் சுளகில் பரப்பி நாலைந்து மணி நேரம் ஆறவிட்டு, பேப்பர் விரித்த டின்னில் அடுக்கலாம். அன்றைக்கே தின்பதைவிட மறுநாள்தான் ருசி கூடும்.

அச்சு முறுக்கு

புது அச்சு வாங்கியிருந்தால் இரண்டு நாள் அரிசி கழுவின தண்ணீரில் போட்டு வைத்து, துடைத்து, ஒரு இரவு எண்ணெயில் முக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் இருபது முறுக்கும் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். பழைய அச்சைச் சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது. சுத்தமான துணியால் துடைத்து எண்ணெய் பூசித் தாளில் சுற்றி வையுங்கள்.

நைசான வறுக்காத பச்சரிசி மாவு 500 கிராம், பொடித்த சீனி 200 கிராம், முட்டை 2, கெட்டித் தேங்காய்ப் பால் அரை லிட்டர், கறுப்பு எள் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. தேங்காய்ப் பாலை முழுதும் ஒரேயடியாக ஊற்றாமல் தோசை மாவுக்குக் கொஞ்சம் இளகும்வரை விட்டுப் பாருங்கள். அச்சை முக்கி எடுத்தால் கண்களில் மாவு அடைக்காமல் ஓட்டை திறந்திருக்க வேண்டும்.

அண்டை அயலில் சைவக்காரர்கள் இருந்தால் முட்டை சேர்க்காத மாவைத் தனியாகக் கரைத்து, புது எண்ணெயில் அதை முதலில் சுட்டு, தனி டின்னில் எழுதி ஒட்டி வையுங்கள். அதற்குப் பிறகுதான் முட்டை மாவு. நம்பி வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதை இது. முட்டைக்குப் பதில் 50 கிராம் மைதா கூட்டினால் மாவு பிடிக்கும்.

அச்சு எண்ணெயிலேயே கிடந்து காயவேண்டும். எடுத்து, ஒரு நொடி உதறி, மாவில் முக்கால் ஆழம் மட்டும் முக்குங்கள். அந்த நேரத்தில் 'சுர்'ரென்ற சத்தம் கேட்க வேண்டும். சத்தமில்லாமல் மாவு வழுக்கினால் அச்சு காயவில்லை. மாவு வெந்து திட்டாகி மாவுப் பாத்திரத்திலேயே உதிர்ந்தால் அதிகம் காய்ந்துவிட்டது. மேல் விளிம்புவரை முக்கினால் முறுக்கு அச்சைச் சுற்றி மூடிக்கொண்டு கழலவே செய்யாது. எண்ணெயில் பத்துப் பதினைந்து நொடி பிடித்துவிட்டு லேசாகக் குலுக்கினால் பூப்போல் விடுபடும். குலுக்கியும் வராவிட்டால் சீனி கூடியிருக்கும். இரண்டு கரண்டி அரிசிமாவு சேர்த்துப் பாருங்கள். சட்டியில் இருக்கும்போது மெத்தென்றிருப்பது ஆறும்போதுதான் முறுகும். ஆறியும் மெத்தென்றே இருந்தால் மாவு கெட்டி, அல்லது தீ குறைவு.

மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் அச்சு முறுக்கை நெடுநேரம் திறந்து ஆறவிடாதீர்கள். கைக்கு வெதுவெதுப்பு விட்டதும் டின்னுக்குப் போய்விட வேண்டும்.

அரிசி முறுக்குக்கு ஒரு கிலோ பச்சரிசி மாவுக்கு 125 கிராம் வறுத்த உளுந்து மாவு, 100 கிராம் வெண்ணெய். எண்ணெயில் குமிழி அடங்கியபின் எடுப்பது ஒன்றுதான் கவனம். குமிழி அடங்கும் முன் எடுத்தால் உள்ளே ஈரம் நிற்கும். அதிரசத்துக்கு ஊறின அரிசியைத் துணியில் நிழலில் உலர்த்தும்போது டிசம்பரில் வழக்கத்தைவிட அரை மணி கூடுதலாக விடுங்கள். கையில் பிடித்தால் ஈரம் தெரியவேண்டும், ஒட்டக்கூடாது. கடைச் சாமான் வாங்குவோர் முதலூர் மஸ்கோத் அல்வாவை முன்னாலேயே வாங்கலாம். தூத்துக்குடி மக்ரூனைக் கடைசி இரண்டு நாளில் வாங்குங்கள். முட்டை வெள்ளையும் சீனியும் சேர்ந்தது என்பதால் காற்றுப் பட்டால் ஒரு மணி நேரத்தில் பிசுபிசுத்துவிடும்.

கேரல் ரவுண்டுக்கு

வீடு வீடாகக் கேரல் பாடி வரும் பாடகர் குழு எந்த ராத்திரி உங்கள் தெருவுக்கு வருகிறது என்று சபையில் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் பிந்தி வந்தாலும் வாசல் விளக்கு எரிய வேண்டும், தார்சாவில் நனைந்த குடைகளுக்கு இடம் வேண்டும். 40 பேருக்குச் சுக்குக்காப்பி என்றால் 4 லிட்டர் தண்ணீர், இடித்த சுக்கு 60 கிராம், கொத்தமல்லி விதை 50 கிராம், மிளகு 15 கிராம், கருப்பட்டி 500 கிராம். சுக்கும் மல்லியும் மிளகும் கால் மணி நேரம் கொதித்து வடிகட்டியபின், தனியே கரைத்துத் தெளியவைத்த கருப்பட்டியைச் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். பால் கலக்க நினைத்தால் இறக்கியபின் ஊற்ற வேண்டும். கொதிக்கும் கருப்பட்டியில் பால் திரிந்துவிடும். தொண்டையைக் காப்பாற்ற வேண்டியவர்கள் பாடுகிறவர்கள். அவர்களுக்கு எண்ணெய்ப் பலகாரம் கொடுப்பதைவிடப் பன் கொடுப்பது நல்லது.

24-ம் 25-ம்

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் 25 விடியற்காலை இருட்டிலேயே ஆராதனை தொடங்கிவிடும். கத்தோலிக்கக் கோவில்களில் 24 நள்ளிரவுப் பூசை. இரண்டானாலும் இட்லி மாவு முந்தின மதியமே ஆட்டி வைத்திருக்க வேண்டும். மழைக் குளிரில் மாவு பொங்கச் சுணங்கும், அதனால் 12 மணி நேரம் கணக்கு வையுங்கள். கறிக்குழம்பு மசாலாவை 24 சாயங்காலமே அரைத்து வைத்துவிட்டால், கோவிலிலிருந்து வந்ததும் கறி வேகிற நேரம் மட்டும்தான்.

தட்டு அனுப்புவது 24 சாயங்காலமோ 25 காலையிலோ உங்கள் தெரு வழக்கப்படி. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் தட்டு வந்த வீடுகளின் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். புதிதாகக் குடிவந்தவர்களையும் சேருங்கள். ஒரு தட்டுக்கு முந்திரிக்கொத்து 2, அச்சு முறுக்கு 4, அரிசி முறுக்கு 4, அதிரசம் 2, கேக் இரண்டு துண்டு, அரைச் சீப்பு வாழைப்பழம். அதிரசத்தையும் கேக்கையும் வாழையிலைத் துண்டில் தனியாக மடித்து வைக்க வேண்டும், அவற்றின் எண்ணெயும் ஈரமும் பட்டால் அச்சு முறுக்கு போகிற வழியிலேயே தளர்ந்துவிடும். அச்சு முறுக்கு எப்போதும் மேலே. மழை என்றால் தட்டுக்குப் பதில் மூடி போட்ட தூக்குச்சட்டி. துக்கம் நடந்து அந்த வருசம் பண்டிகை எடுக்காத சொந்தக்காரர் வீட்டுக்குப் பலகாரம் சுட்ட அன்றே கொண்டுபோய்க் கொடுத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது முறை.

மிச்சப் பலகாரம் 31 ராத்திரி ஆராதனைக்கு வந்து போகிறவர்களுக்கு ஆகும். நமுத்த முறுக்கைக் கனத்த வெறும் சட்டியில் மிகச் சிறு தீயில் ஆறேழு நிமிசம் பிரட்டி ஆறவைத்தால் மறுபடி முறுகும். அச்சு முறுக்கில் சீனி இருப்பதால் மூன்று நிமிசத்துக்கு மேல் கூடாது. முந்திரிக்கொத்தைச் சூடு காட்டாதீர்கள், உள்ளே பாகு இளகிவிடும்.